செல்லுக்குள் செயல்மிகு ஆக்சிஜனை அளப்பது: ஒளிர்வுச் சாயங்களைத் தேர்வதும் கையாள்வதும்

உயிருள்ள செல்லுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு, சூப்பர் ஆக்சைடு போன்ற, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் (செயல்மிகு ஆக்சிஜன்) கூடுகின்றனவா என்று பார்க்க வேண்டுமானால், பெரும்பாலான ஆய்வகங்களில் முதலில் எடுக்கப்படுவது ஒளிர்வுச் சாயம்தான். சாயத்தைச் செல்களோடு அரை மணி நேரம் வைத்து, கழுவி, பிளேட் ரீடரிலோ (தட்டின் குழிகளில் ஒளிர்வை அளக்கும் கருவி) ஃப்ளோ சைட்டோமீட்டரிலோ (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் செலுத்தி அளக்கும் கருவி) வைத்தால் எண் வந்துவிடுகிறது. எண் கூடியிருந்தால் "செயல்மிகு ஆக்சிஜன் கூடியது" என்று எழுதும் வழக்கமும் நிலைத்துவிட்டது. ஆனால் அந்த எண் சொல்வது, சாயம் ஏதோ ஒரு வேதிவினைக்கு உள்ளாகி ஒளிரும் பொருளாக மாறியது என்பதை மட்டுமே. எந்த மூலக்கூறு அந்த மாற்றத்தைச் செய்தது, எந்த இடத்தில் செய்தது, சாயமே அதைத் தூண்டிவிட்டதா என்ற கேள்விகளுக்குச் சோதனையைத் திட்டமிடும்போதே பதில் தேட வேண்டும். அளந்து முடித்த பிறகு தேடிக் கிடைக்காது. முதுகலை மாணவர்களும் முனைவர் பட்ட ஆய்வாளர்களும் தங்கள் ஆய்வகத்தில் வைத்துப் பின்பற்றத்தக்க வகையில் அந்தத் திட்டமிடலை இங்கே விளக்குகிறேன்.

எந்த மூலக்கூறைத் தேடுகிறோம்?

செயல்மிகு ஆக்சிஜன் என்ற பெயரின் கீழ் வருபவை ஒரே இயல்புடையவை அல்ல. சூப்பர் ஆக்சைடு எதிர்மின் சுமை கொண்ட தனி உறுப்பு, அதாவது இணையற்ற எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறு. சவ்வுகளை எளிதில் கடக்காது. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதி அதை மிக விரைவாக ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றிவிடும். 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் அந்த நொதியைக் கண்டறிந்த பிறகுதான் இத்துறையே வேகம் பெற்றது. ஹைட்ரஜன் பெராக்சைடு தனி உறுப்பு அல்ல, ஒப்பீட்டளவில் நிதானமானது, சவ்வுகளின் வழியே நகரக்கூடியது, அமைதி நிலையில் செல்லின் உட்திரவமான சைட்டோசாலில் அதன் செறிவு நானோமோலார் அளவில்தான் இருக்கிறது. ஹைட்ராக்சில் தனி உறுப்பு இதற்கு நேர்மாறானது. பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டர் நகர்வதற்குள் எதிர்ப்படும் எதனோடும் வினைபுரிந்து தீர்ந்துபோகும். நியூட்ரோஃபில் செல்கள் உருவாக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலம், நைட்ரிக் ஆக்சைடும் சூப்பர் ஆக்சைடும் சேர்ந்து தோன்றும் பெராக்சிநைட்ரைட், ஒளியால் தூண்டப்படும் நிறமிகளிலிருந்து வரும் சிங்லெட் ஆக்சிஜன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி வேதியியல் உண்டு.

2022-இல் மைக்கேல் மர்ஃபி உள்ளிட்ட இத்துறை வல்லுநர்கள் பலர் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், இயன்ற இடத்திலெல்லாம் குறிப்பிட்ட மூலக்கூறின் பெயரைச் சொல்லியே பேச வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். ஆய்வு முன்மொழிவு எழுதும் நாளிலேயே இதைக் கடைப்பிடிப்பது நல்லது. "என் சேர்மம் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியில் (எலக்ட்ரான்களைக் கடத்தும் புரதத் தொடரில்) மூன்றாம் கூட்டமைவில் சூப்பர் ஆக்சைடைக் கூட்டுகிறதா?" என்று கேட்டால், சாயமும், சமிக்ஞை நிச்சயம் வர வேண்டிய நேர்க் கட்டுப்பாட்டுச் சோதனையும், அதை மறுத்துப் பார்க்கும் சோதனையும் அந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கின்றன. "ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுகிறதா?" என்று கேட்டால் எதுவும் பிறப்பதில்லை.

டிசிஎஃப்டிஏ: மிகப் பழக்கமான சாயம், மிகக் கவனம் வேண்டிய சாயம்

1965-இல் கெஸ்டனும் பிராண்டும் ஹைட்ரஜன் பெராக்சைடை நுண்ணளவில் அளக்க அறிமுகப்படுத்திய டைகுளோரோடைஹைட்ரோஃப்ளூரசின்தான் இன்றும் உலகெங்கும் அதிகம் பயன்படுகிறது. அதன் டைஅசிட்டேட் வடிவமே டிசிஎஃப்டிஏ; அது சவ்வைக் கடந்து உள்ளே செல்லும். உள்ளே எஸ்ட்டரேஸ் நொதிகள் அசிட்டேட் தொகுதிகளை வெட்டிவிட, ஒளிராத டைகுளோரோடைஹைட்ரோஃப்ளூரசின் (டிசிஎஃப்ஹெச்) செல்லுக்குள் தங்கும். அது ஆக்சிஜனேற்றம் அடைந்து டிசிஎஃப் ஆகும்போது, 488 நானோமீட்டர் அருகே கிளர்வு பெற்று 525 நானோமீட்டர் அருகே பச்சையாக ஒளிரும்.

இதில் முதலில் மனத்தில் பதிய வேண்டியது, ஹைட்ரஜன் பெராக்சைடு டிசிஎஃப்ஹெச்சோடு நேரடியாக வினைபுரிவது மிக மிக மெதுவாகவே என்பது. கெஸ்டனும் பிராண்டும் பெராக்சிடேஸ் நொதியைச் சேர்த்துத்தான் அளந்தார்கள். செல்லுக்குள் அந்த வேலையைச் செய்வது இரும்பு அயனிகள், இரும்பு அடங்கிய ஹீம் புரதங்கள், அவற்றுள் ஒன்றான சைட்டோகுரோம் சி போன்றவை. ஆகவே பெராக்சைடு அளவு சற்றும் மாறாமல், செல் தற்கொலைப் பாதையில் சென்று மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி வெளியேறினாலே பச்சை ஒளி கூடும். புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் சேர்மங்களைச் சோதிப்பவர்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்; பெராக்சைடு கூடியதால் செல் இறந்ததா, செல் இறக்கத் தொடங்கியதால் சாயம் ஒளிர்ந்ததா என்பதை இந்தச் சாயம் மட்டும் கொண்டு பிரிக்க இயலாது. இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. டிசிஎஃப்ஹெச் ஒரு எலக்ட்ரானை இழந்தவுடன் தோன்றும் இடைநிலைத் தனி உறுப்பு ஆக்சிஜனோடு வினைபுரிந்து சூப்பர் ஆக்சைடை உண்டாக்குகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வருகிறது. அளக்க வந்த சாயமே அளக்கப்படுவதை உற்பத்தி செய்கிறது என்று பொருள். வலுவான ஒளியில் வைத்தாலும் சாயம் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடையும்.

இவ்வளவு குறை இருந்தும் இதை முற்றாகத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பல சேர்மங்களை முதற்கட்டமாகச் சலித்தெடுக்கும்போது, "ஒட்டுமொத்த ஆக்சிஜனேற்ற நிலையில் ஏதோ மாற்றம்" என்ற அளவில் இது பயன்படும். அந்த வரம்புக்குள் நின்று செய்வதற்கான முறை இதுதான்.

சாயத்தின் மூலக்கூறு எடை 487.3. எனவே 4.87 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் உலர்ந்த டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார் மூலக்கரைசல் கிடைக்கும். அதை ஒருமுறைப் பயன்பாட்டுக்கான சிறு பங்குகளாகப் பிரித்து, வெளிச்சம் படாமல், உறைநிலைப் பெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். உருக்கி மீண்டும் உறைய வைத்த பங்கைத் தொடக்கூடாது. சோதனைக்கு முந்தைய நாள், பக்கச்சுவர் கறுப்பாகவும் அடிப்பகுதி தெளிவாகவும் உள்ள 96 குழித் தட்டில் குழிக்கு 10,000 முதல் 25,000 செல்கள் வரை இட்டு ஒட்டவிட வேண்டும். ஓரக் குழிகளில் நீர் ஆவியாவதால் அவற்றில் செல்களுக்குப் பதில் தாங்கல் கரைசலை மட்டும் நிரப்பி வைப்பது நல்லது. மறுநாள் வளர்ப்பு ஊடகத்தை எடுத்துவிட்டு, கால்சியம், மக்னீசியம், குளுக்கோஸ் கலந்த ஹெச்பிஎஸ்எஸ் என்ற தாங்கல் உப்புக் கரைசலால் ஒருமுறை மெதுவாகக் கழுவ வேண்டும். மூலக்கரைசலின் 1 மைக்ரோலிட்டரை 1 மில்லிலிட்டர் ஹெச்பிஎஸ்எஸ்ஸில் கலந்தால் 10 மைக்ரோமோலார் சாயமும் 0.1 சதவீத டிஎம்எஸ்ஓவும் இருக்கும். இதைக் குழிக்கு 100 மைக்ரோலிட்டர் ஊற்றி 37 டிகிரியில் இருட்டில் 30 நிமிடம் வைத்து, இருமுறை கழுவ வேண்டும்.

ஊடகத்திலேயே சாயத்தைக் கலந்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஊடகத்தில் சேர்க்கப்படும் கன்றுக்குருதி நீரில் எஸ்ட்டரேஸ் நொதிகள் இருக்கின்றன. அவை சாயத்தைச் செல்லுக்கு வெளியிலேயே வெட்டிவிடும். ஃபீனால் ரெட் என்ற சிவப்பு நிறங்காட்டி பின்னணி ஒளியைக் கூட்டும். டிஎம்இஎம் என்ற பரவலான வளர்ப்பு ஊடகத்தின் பல வகைகளில் 1 மில்லிமோலார் அளவுக்குச் சேர்க்கப்படும் சோடியம் பைருவேட் ஹைட்ரஜன் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிந்து அதை அழித்துவிடும். ஊடகப் புட்டியின் விவரத்தாளில் இந்த மூன்றையும் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். இரண்டு ஆய்வகங்களின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, காரணம் பைருவேட்டில் ஒளிந்திருப்பது உண்டு.

சேர்மத்தைச் சேர்த்தபின் ஒரே ஒரு நேரத்தில் அளந்து நிறுத்திவிடாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வீதம் ஒரு மணி நேரம் வரை அளந்து, கோட்டின் சரிவை ஒப்பிடுவதே சரியான அணுகுமுறை. டிசிஎஃப் செல்லுக்கு வெளியே கசியும் இயல்புடையது என்பதால், இறுதி எண்ணைவிடத் தொடக்கச் சரிவுக்கு மதிப்பு அதிகம். குளோரோமெத்தில் தொகுதி சேர்த்த வகை செல்லுக்குள் உள்ள தயால் (கந்தக-ஹைட்ரஜன்) தொகுதிகளோடு பிணைந்து ஓரளவு தங்கும். நீண்ட நேரச் சோதனைக்கு அதைத் தேர்ந்தெடுக்கலாம். அளந்து முடித்ததும் அதே குழிகளில் டிஎன்ஏவோடு பிணையும் ஹோக்ஸ்ட் 33342 சாயமிட்டுச் செல் எண்ணிக்கையை மதிப்பிட்டு, ஒளிர்வை அதனால் வகுக்க வேண்டும். இல்லையேல் செல்கள் இறந்து உதிர்ந்த குழி, பெராக்சைடு குறைந்த குழி போலத் தோற்றமளிக்கும். செல்களை ஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்திப் பிறகு பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம், சாயம் வெளியேறிவிடும்.

சூப்பர் ஆக்சைடு: சிவப்பு நிறம் மட்டும் சான்றாகாது

சூப்பர் ஆக்சைடுக்கென்று பயன்படுவது டைஹைட்ரோஎத்திடியம், சுருக்கமாக டிஹெச்இ. சூப்பர் ஆக்சைடோடு வினைபுரிந்தால் 2-ஹைட்ராக்சிஎத்திடியம் என்ற தனித்த விளைபொருள் உருவாகிறது; வேறு ஆக்சிஜனேற்றிகள் தாக்கினால் எத்திடியம் உருவாகிறது. இந்த வேறுபாட்டை நிறுவியதில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் உள்ள விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் பாலராமன் கல்யாணராமன் குழுவினர் செய்த பணி அடிப்படையானது. இரண்டு விளைபொருள்களும் டிஎன்ஏவோடு பிணைந்து சிவப்பாக ஒளிர்கின்றன. அவற்றின் உமிழ்வு நிறமாலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. எத்திடியம் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். எனவே சாதாரண சிவப்பு வடிகட்டியில் தெரியும் ஒளிர்வை சூப்பர் ஆக்சைடு என்று எழுதுவது ஆதாரமற்றது.

முறையான வழி, செல்களை உடைத்துச் சாற்றெடுத்து, கலவையிலுள்ள பொருள்களைப் பிரிக்கும் ஹெச்பிஎல்சி (உயர்திறன் திரவ நிறப்பிரிகை) கருவியில் இரு விளைபொருள்களையும் பிரித்து அளப்பது. அந்த வசதி இல்லாதபோது 405 நானோமீட்டர் லேசரால் கிளர்வூட்டிப் பார்க்கலாம். 400 நானோமீட்டரை ஒட்டி 2-ஹைட்ராக்சிஎத்திடியத்துக்குக் கூடுதலாக ஒரு கிளர்வு உச்சம் உண்டு, எத்திடியத்துக்கு அது வலுவாக இல்லை. 405-இலும் 488-இலும் எடுத்த படங்களை ஒப்பிட்டால் ஓரளவு வேறுபாடு புலப்படும். இது துணைச் சான்றுதான், ஹெச்பிஎல்சிக்கு ஈடாகாது.

டிஹெச்இயின் மூலக்கரைசல் காற்றிலும் வெளிச்சத்திலும் தானே ஆக்சிஜனேற்றம் அடையும். குழாயில் இளஞ்சிவப்பு தட்டியிருந்தால் அந்தப் பங்கை எறிந்துவிட வேண்டும். நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயுவை மேலே செலுத்தி மூடி வைப்பது ஆயுளைக் கூட்டும்.

இதே மூலக்கூறில் டிரைஃபீனைல்பாஸ்போனியம் என்ற நேர்மின் தொகுதியை இணைத்ததே மைட்டோசாக்ஸ் ரெட். மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் எதிர்மின் தன்மை கொண்டது. ஏறத்தாழ 60 மில்லிவோல்ட்டுக்குப் பத்து மடங்கு என்ற கணக்கில் நேர்மின் சாயம் உள்ளே குவியும். வெளியே ஒரு மைக்ரோமோலார் இருந்தாலும் உள்ளே பல நூறு மடங்கு சேர்ந்துவிடும். இதில் இரண்டு எச்சரிக்கைகள் அடங்கியுள்ளன. முதலாவது, செறிவைக் குறைவாக வைக்க வேண்டும். 5 மைக்ரோமோலாரை மேல் எல்லையாகக் கொண்டு, 1 அல்லது 2 மைக்ரோமோலாரில் போதிய ஒளி கிடைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், ஏனெனில் அதற்கு மேல் சாயமே சுவாசச் சங்கிலியைக் குலைக்கிறது. இரண்டாவது, சோதிக்கப்படும் சேர்மம் மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தை மாற்றினால் சாயம் குவியும் அளவே மாறிவிடும். மின்னழுத்தம் சரியும்போது சாயம் வெளியேறி உட்கருவை அடைந்து, அங்கே டிஎன்ஏவோடு பிணைந்து கூடுதலாக ஒளிரும். அதைப் பார்த்து சூப்பர் ஆக்சைடு கூடியதாக முடிவு செய்துவிட வாய்ப்புண்டு. நுண்ணோக்கியில் சிவப்பு நூலிழைகளாகத் தெரிகிறதா, உட்கருவில் உருண்டையாகத் தெரிகிறதா என்று கண்ணால் பார்க்காமல் பிளேட் ரீடர் எண்ணை மட்டும் நம்புவது தவறு. மின்னழுத்தத்தைக் காட்டும் டிஎம்ஆர்எம் சாயத்தை 20 நானோமோலார் அளவில் தனிக் குழிகளில் இட்டு மின்னழுத்தத்தையும் இணையாக அளக்க வேண்டும். அதுவும் சிவந்த நிறத்தில் ஒளிர்வதால் ஒரே குழியில் இரண்டையும் சேர்க்கக் கூடாது.

நேர்க் கட்டுப்பாடாக ஆன்டிமைசின் ஏ பொருத்தமானது. அது சுவாசச் சங்கிலியின் மூன்றாம் கூட்டமைவைத் தடுத்து சூப்பர் ஆக்சைடைக் கசியவிடும்.

ஹைட்ரஜன் பெராக்சைடுக்கென்றே அமைந்தவை

2004-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கிறிஸ்டோஃபர் சாங் குழுவினர் வெளியிட்ட பெராக்சிஃப்ளோர்-1 ஒரு புதிய வகைக்கு வழி திறந்தது. போரோனேட் தொகுதியால் அடைக்கப்பட்ட சாயம் ஒளிராது. ஹைட்ரஜன் பெராக்சைடு அந்தத் தொகுதியை நீக்கி ஃபீனாலாக மாற்றினால் ஒளிரும். டிசிஎஃப்டிஏ போல எலக்ட்ரானைப் பறித்து நடக்கும் வினை இல்லை என்பதால் இரும்பு, சைட்டோகுரோம் ஆகியவற்றின் தலையீடு பெரிதும் குறைகிறது. எனினும் வேகத்தைக் கவனிக்க வேண்டும். போரோனேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வினைபுரியும் வேக மாறிலி மோலாருக்கு வினாடிக்கு ஒன்று என்ற அளவிலேயே இருக்கிறது; பெராக்சிநைட்ரைட்டோடு அது ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு வேகமானது. ஆகவே நைட்ரிக் ஆக்சைடு உருவாக்கும் மேக்ரோஃபேஜ் (கிருமிகளை விழுங்கும் செல்), எண்டோதீலியம் (இரத்தநாள உட்சுவர்) போன்ற செல்களில், நைட்ரிக் ஆக்சைடு சின்தேஸைத் தடுக்கும் எல்-நேம் சேர்த்த குழிகளை இணையாக வைத்தே பொருள் கொள்ள வேண்டும். பெராக்சைடைச் சிதைக்கும் செல்லின் பெராக்சிரெடாக்சின் புரதங்களோ, சாயத்தைவிடப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி மடங்குக்கும் மேலான வேகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிடிக்கின்றன. அவற்றிடமிருந்து தப்பிய மிகச் சிறிய பங்கைத்தான் சாயம் காண்கிறது.

செல்லுக்குள் மரபணு வழியாக உற்பத்தியாகும் புரத உணரிகளே இன்று ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு மிகச் சிறந்தவை என்பது என் உறுதியான கருத்து. 2006-இல் ரஷ்யாவின் பெலோசோவ் குழுவினர், ஈ. கோலை பாக்டீரியாவில் பெராக்சைடை உணரும் ஆக்சிஆர் புரதத்தின் ஒரு பகுதியை மஞ்சள் ஒளிர்வுப் புரதத்தோடு இணைத்து ஹைப்பர் உணரியை உருவாக்கினார்கள். பெராக்சைடு பட்டால் 420 நானோமீட்டர் கிளர்வு உச்சம் குறைந்து 500 நானோமீட்டர் உச்சம் உயரும். இரண்டின் விகிதத்தைக் கணக்கிடுவதால், செல்லுக்குச் செல் உணரியின் அளவு மாறினாலும் முடிவு மாறாது. சாயங்களில் பெரும்பாலானவற்றால் தர இயலாத மற்றொரு நன்மையும் உண்டு: இந்த மாற்றம் மீளக்கூடியது, எனவே பெராக்சைடு ஏறுவதையும் இறங்குவதையும் ஒரே செல்லில் தொடர்ந்து பார்க்கலாம். முதல் வகைக்குக் கார அமில மாற்றத்தால் பாதிக்கப்படும் குறை இருந்தது; அதனால் பெராக்சைடை உணராத திரிபு வடிவமான சைஃபரைக் கட்டுப்பாடாக வைக்க வேண்டும். 2020-இல் வந்த ஹைப்பர்7 வகையில் அந்தக் குறை பெரிதும் நீங்கிவிட்டது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் டோபியாஸ் டிக் குழுவினர் 2009-இல் வெளியிட்ட மற்றொரு பெராக்சைடு உணரியான ரோஜிஎஃப்பி2-ஓஆர்பி1 405, 488 ஆகிய இரு கிளர்வுகளில் அளக்கப்படுகிறது. எந்த உணரியானாலும் சோதனையின் முடிவில் டயமைடு சேர்த்து முழு ஆக்சிஜனேற்ற நிலையையும், டைதயோத்ரெய்ட்டால் சேர்த்து முழு ஒடுக்க நிலையையும் அளந்து, இடைப்பட்ட விகிதங்களை அந்த இரு எல்லைகளுக்குள் பொருத்த வேண்டும். பிளாஸ்மிடைச் செலுத்தி ஓரிரு நாள் காத்திருக்கும் பொறுமை மட்டுமே இதில் கூடுதலாகத் தேவை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டோக்கியோவில் நாகானோ குழுவினர் உருவாக்கிய ஹெச்பிஎஃப், ஏபிஎஃப் ஆகிய இரு சாயங்களில் ஹைப்போகுளோரைட்டுக்கு ஏபிஎஃப் மட்டுமே நன்கு ஒளிரும். இரண்டையும் இணையாக இட்டு வேறுபாட்டைப் பார்ப்பதே பயன். ஹைட்ராக்சில் தனி உறுப்பைச் செல்லுக்குள் நேரடியாகப் பிடிப்பதாகச் சொல்லும் எந்தச் சாயத்தையும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். செல்லின் மூலக்கூறுகள் அனைத்தோடும் போட்டியிட்டு மைக்ரோமோலார் அளவுச் சாயம் அதை வெல்வது அரிது. சிங்லெட் ஆக்சிஜன் உணரியான எஸ்ஓஎஸ்ஜி, ஒளியில் தானே சிங்லெட் ஆக்சிஜனை உருவாக்கும் என்பதால் ஒளியளவைக் குறைத்து வைக்க வேண்டும். தாங்கல் கரைசலைக் கனநீரில் தயாரித்தால் சிங்லெட் ஆக்சிஜனின் ஆயுள் பத்து மடங்குக்கும் மேல் நீள்கிறது; அப்போது சமிக்ஞை உயர்ந்தால் அது நல்ல சான்று.

தாவரச் சாறுகளைச் சோதிப்பவர்களுக்கு

தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் மூலிகைச் சாறுகளையும் அவற்றிலிருந்து பிரித்த சேர்மங்களையும் எம்சிஎஃப்-7, ஏ549, ஹீலா போன்ற புற்றுநோய்ச் செல் வகைகளில் சோதிக்கும் பணி நிறைய நடைபெறுகிறது. இந்தப் பணியில்தான் ஒளிர்வுச் சாயங்கள் மிகவும் ஏமாற்றக்கூடியவை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மஞ்சளிலிருந்து வரும் குர்குமின் தானே ஒளிரும் பொருள். 425 நானோமீட்டரை ஒட்டி அதிகமாக ஒளியை உறிஞ்சினாலும், செல் சவ்வில் படிந்த குர்குமின் 488 நானோமீட்டர் லேசரிலும் ஓரளவு கிளர்வு பெற்று, டிசிஎஃப் ஒளிரும் அதே பச்சைப் பகுதியில் ஒளிரும். சாயமே இடாத செல்களுக்குக் குர்குமின் கொடுத்து அதே அமைப்பில் அளந்து பார்க்காமல், டிசிஎஃப் கூடியது என்று எழுதுவதற்கு இடமில்லை. இலைச்சாற்றில் உள்ள பச்சையம் 670 நானோமீட்டர் அருகே அடர்சிவப்பாக ஒளிர்ந்து, ஆக்சிஜனேற்றத்தைக் காட்டும் மற்றொரு சாயமான செல்ராக்ஸ் டீப் ரெட்டின் பகுதியை ஆக்கிரமிக்கும். ஒளிபட்டால் சிங்லெட் ஆக்சிஜனையும் உருவாக்கும். ஒப்பீட்டுக்காகப் பலர் பயன்படுத்தும் டாக்சோரூபிசின் மருந்தோ 480 நானோமீட்டரில் கிளர்ந்து 590 நானோமீட்டரில் ஒளிர்வதோடு உட்கருவிலேயே குவிகிறது. டிஹெச்இ, மைட்டோசாக்ஸ் இரண்டின் விளைபொருள்களும் தரும் படத்திலிருந்து அதைக் கண்ணால் பிரிக்கவே முடியாது.

அடுத்தது ஊடகத்தில் நடக்கும் வேதியியல். கடுக்காய், நெல்லிக்காய் போன்றவற்றில் நிறைந்துள்ள காலிக் அமிலமும் தேயிலையின் கேட்டச்சின்களும் வளர்ப்பு ஊடகத்தில் கரைந்தவுடன் காற்றிலுள்ள ஆக்சிஜனால் தாமே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். செல்லுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. இதைக் கண்டறிய, செல்கள் இல்லாத ஊடகத்தில் சாற்றை அதே நேரம் வைத்து, ஃபெரஸ் இரும்பும் சைலினால் ஆரஞ்சும் கொண்ட எளிய நிறமானி முறையில் பெராக்சைடை அளக்கலாம். இன்னும் எளிய வழி, ஊடகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்துச் செல் இறப்பைப் பார்ப்பது. கேட்டலேஸ் செல்லுக்குள் நுழையாது. அதைச் சேர்த்ததும் இறப்பு மறைந்துவிட்டால், செல்லைக் கொன்றது ஊடகத்தில் உருவான பெராக்சைடே.

மூன்றாவது, ஆக்சிஜனேற்றத் தடுப்பானாகப் பலர் சேர்க்கும் என்-அசிட்டைல் சிஸ்டீன். "இதைச் சேர்த்தபோது ஒளிர்வு குறைந்தது, செல்களும் பிழைத்தன, ஆகவே செயல்மிகு ஆக்சிஜனே காரணம்" என்ற வாதம் எண்ணற்ற ஆய்வேடுகளில் இடம்பெறுகிறது. என்-அசிட்டைல் சிஸ்டீன் ஹைட்ரஜன் பெராக்சைடோடு மிக மெதுவாகவே வினைபுரியும். அதன் தயால் தொகுதியோ குயினோன்களையும், குர்குமின் போன்ற எலக்ட்ரான் நாட்டமுள்ள சேர்மங்களையும் நேரடியாகப் பிணைத்துச் செயலற்றதாக்கும். செல்கள் பிழைத்ததற்குக் காரணம், சோதிக்கப்பட்ட சேர்மமே செல்லைச் சென்றடையாமல் போனதாக இருக்கலாம். ஊடகத்தில் இரண்டையும் கலந்து வைத்து, சேர்மத்தின் உறிஞ்சு நிறமாலை மாறுகிறதா என்று பார்ப்பது சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் அந்த வாதத்தை முன்வைக்கக் கூடாது. மரபணு வழியில் கேட்டலேஸை மிகுதியாக உற்பத்தி செய்யவைத்த செல்களோ, தொடர்புடைய நொதியை நீக்கிய செல்களோ தரும் சான்று இதைவிடப் பல மடங்கு வலுவானது.

கட்டுப்பாட்டுச் சோதனைகளை அமைக்கும் முறை

ஒவ்வொரு தட்டிலும் சாயமில்லாச் செல்கள், சாயமில்லாமல் சேர்மம் மட்டும் பெற்ற செல்கள், செல்களே இல்லாமல் சாயமும் சேர்மமும், சாயமும் கரைப்பானும் பெற்ற செல்கள் ஆகியவை இருந்தே ஆக வேண்டும். மூன்றாவதாகச் சொன்ன குழிகளே பெரும்பாலும் விடுபடுகின்றன. சேர்மம் சாயத்தை நேரடியாக ஆக்சிஜனேற்றம் செய்கிறதா என்பதை அவை மட்டுமே காட்டும். அத்துடன் ஒரு நேர்க் கட்டுப்பாடும், சமிக்ஞையை அணைத்துக் காட்டும் ஒரு கட்டுப்பாடும் வேண்டும்.

ஹைட்ரஜன் பெராக்சைடையே நேர்க் கட்டுப்பாடாகப் பயன்படுத்துவோர், புட்டியின் மேல் எழுதியுள்ள 30 சதவீதத்தை நம்பி நீர்க்கச் செய்கிறார்கள். திறந்த புட்டி நாளடைவில் வலுவிழக்கும். நீர்க்கச் செய்த கரைசலை 240 நானோமீட்டரில் உறிஞ்சுமானியில் வைத்து, மோலார் உறிஞ்சு கெழு 43.6 என்று கொண்டு உண்மைச் செறிவைக் கணக்கிட வேண்டும். 10 மில்லிமோலார் கரைசல் ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் 0.436 காட்டும். ஒரேயடியாக ஊற்றிய பெராக்சைடைச் செல்கள் சில நிமிடங்களில் சிதைத்துவிடும் என்பதால், நீண்ட சோதனைக்குக் குளுக்கோஸும் குளுக்கோஸ் ஆக்சிடேஸும் சேர்த்துச் சீராக உற்பத்தியாகச் செய்வது மேல்.

சாயத்தின் ஒளிர்வு எதைச் சார்ந்தது என்பதை அறிய மருத்துவத்தில் அன்றாடம் நடைபெறும் ஒரு சோதனையே போதும். நாள்பட்ட கிரானுலோமா நோயில் நியூட்ரோஃபில் செல்களில் சூப்பர் ஆக்சைடை உருவாக்கும் என்ஏடிபிஹெச் ஆக்சிடேஸ் நொதி இயங்காது. குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று வரும். இதைக் கண்டறிய, குருதியிலுள்ள நியூட்ரோஃபில்களில் டைஹைட்ரோரோடமின் 123 சாயத்தை ஏற்றி, பிஎம்ஏ என்ற தூண்டியைச் சேர்த்து ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்க்கிறார்கள். நலமான செல்கள் பச்சையாகப் பளிச்சிடும். நோயாளியின் செல்களில் ஒளிர்வு கூடாமல் நிற்கும். எக்ஸ் குரோமோசோம் வழி நோயைச் சுமக்கும் தாயின் குருதியில் இரண்டு தனித்தனிக் கூட்டங்கள் தெரியும். ஆனால் அந்தச் சாயம் ஒளிர்வதற்கு மைலோபெராக்சிடேஸ் நொதியின் துணை வேண்டும். ஆக்சிடேஸ் நன்றாக இயங்கியும் மைலோபெராக்சிடேஸ் குறைவாக உள்ள ஒருவரின் செல்களும் ஏறத்தாழ நோயாளியின் செல்களைப் போலவே மங்கலாகத் தெரியும். ஆகவே ஐயம் எழும்போது, மைலோபெராக்சிடேஸைச் சாராத நைட்ரோபுளூ டெட்ரசோலியம் சோதனையையும் செய்து, மரபணுப் பகுப்பாய்வால் உறுதிசெய்கிறார்கள். ஒரு நோயாளியின் சிகிச்சை சார்ந்திருக்கும் இடத்தில் கடைப்பிடிக்கப்படும் இந்த இரண்டாம் சான்று தேடும் ஒழுங்கை, ஆய்வகச் செல்களிலும் கடைப்பிடிக்க வேண்டும்: ஒரு சாயம் காட்டியதை வேறு வேதியியலில் இயங்கும் மற்றொரு முறை உறுதிசெய்ய வேண்டும்.

படம் எடுக்கும்போதும் எழுதும்போதும்

கன்ஃபோகல் நுண்ணோக்கியில் லேசர் வலிமை, கண்டறிவானின் பெருக்கம், ஒளிபடும் நேரம் ஆகியவற்றை மிகப் பளிச்சென்ற மாதிரியைக் கொண்டு முதலில் அமைத்து, பிறகு எந்த மாதிரிக்கும் மாற்றக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் மென்பொருள் தானாகவே மாறுபாட்டைச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிட வேண்டும். சாயம் இட்ட செல்லின் மீதே தொடர்ந்து ஒளியைப் பாய்ச்சிக் குவியம் தேடுவது சாயத்தை ஒளியாலேயே ஒளிரச் செய்துவிடும். வெள்ளொளியில் குவியம் அமைத்துவிட்டு, அதுவரை ஒளிபடாத புலத்துக்கு நகர்ந்து படமெடுக்க வேண்டும். எந்தக் குழியில் என்ன மருந்து என்று அறியாத ஒருவர் புலங்களைத் தேர்ந்தெடுப்பது மிகவும் நல்லது. ஃப்ளோ சைட்டோமீட்டரில் இறந்த செல்களை விலக்க, டிசிஎஃப் பச்சையோடு புரோப்பிடியம் அயோடைடு பொருந்தும். டிஹெச்இ, மைட்டோசாக்ஸ் ஆகியவற்றோடு அது மோதும் என்பதால் ஊதா லேசரில் கிளரும் உயிர்ப்புச் சாயத்தைத் தேர்வது சரி. ஒட்டி வளரும் செல்களை டிரிப்சினால் பிரிப்பதே அவற்றுக்கு ஓர் அழுத்தம். சாயமேற்றுவது பிரிப்பதற்கு முன்பா பின்பா என்பதை முடிவுசெய்து எல்லா மாதிரிக்கும் ஒரே வரிசையைப் பின்பற்ற வேண்டும்.

முடிவுகளை எழுதும் பகுதியில் சாயத்தின் முழுப்பெயர், இறுதிச் செறிவு, ஏற்றிய நேரம், வெப்பநிலை, தாங்கல் கரைசலின் உள்ளடக்கம், ஊடகத்தில் பைருவேட் இருந்ததா என்பது, கிளர்வு, உமிழ்வு அலைநீளங்கள், செல் எண்ணிக்கைக்கு எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பது ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும். டிசிஎஃப்டிஏ மட்டும் பயன்படுத்தியிருந்தால் "டிசிஎஃப் ஒளிர்வு கூடியது" என்றும், டிஹெச்இயைப் பிரித்தளக்காமல் நுண்ணோக்கியில் மட்டும் பார்த்திருந்தால் "டிஹெச்இயிலிருந்து வந்த சிவப்பு ஒளிர்வு கூடியது" என்றும் எழுத வேண்டும். ஹெச்பிஎல்சியில் 2-ஹைட்ராக்சிஎத்திடியம் கூடியதைக் காட்டி, சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸை மிகுதியாக உற்பத்தி செய்யவைத்த செல்களில் அது குறைவதையும் காட்டிய பிறகு "சூப்பர் ஆக்சைடு கூடியது" என்று தயங்காமல் எழுதலாம்.